ஷட்டர்

நாகமலை புதுக்கோட்டையில்
பல்கலைக்கழகம் போகிற பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
பின்னால் ஓர் அறை, அதில் நான்.
மாடியில் நாகஜோதியும் அவள் புருஷனும்.

முன்னூறு காப்பி என்று மூன்று பேர் வந்தார்கள்.
ஜாம்பியாவிலிருந்து முட்டிண்டா,
மலாவியிலிருந்து லிம்பானி,
கருமாத்தூரிலிருந்து தவமணி.
"முட்டுனியா, யாரை?" என்று சிரித்தேன்.
"நாப்பத்தோராவது ஆளு நீங்க,"
தமிழிலேயே சொன்னாள் முட்டிண்டா.

கண்ணாடியில் தாளைக் கவிழ்க்கையில் படித்துவிட்டேன்.
படிக்கக் கூடாது.
ஜாமீன் மனு, ஸ்கேன் ரிப்போர்ட், விவாகரத்து நோட்டீஸ்,
எவ்வளவோ போயிருக்கிறது இந்த வெளிச்சத்துக்கு அடியில்,
நான் கண்ணை எடுத்துக்கொள்வேன்.
இதில் முடியவில்லை. ஏழாம் கேள்வி:
பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால்
நீங்கள் என்ன செய்வீர்கள்?
கீழே நான்கு கட்டங்கள்.
நான்காவது,
டிவி சத்தத்தைக் கூட்டுவேன்.

யார் சொன்னது இவர்களிடம்?

எட்டாம் கேள்வி பஸ்ஸைப் பற்றியது.
அது முட்டிண்டா எழுதினதாம்.
பெரியார் நிலையத்தில் ஏறினால்
பின்னல் நிஜமா என்று இழுத்துப் பார்க்க
ஒரு கை எப்போதும் பின்னாலேயே ஏறுகிறது.

நடுவில் கரண்ட் போனது.
காத்திருந்த நேரத்தில் லிம்பானி பேசினான்,
பாதி இங்கிலீஷ், பாதி கை, மிச்சம் தவமணி.
அவன் ஊரில் பையன்களும் பெண்பிள்ளைகளுமாக ஆறு பேர்.
சத்தம் கேட்கிற வீட்டு வாசலில்
சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள்.
சங்கிலி கழன்றுபோச்சு என்று
பெடலைச் சுற்றுவார்கள், கடகடவென்று.
டார்ச் இருக்கா? ஸ்பானர் இருக்கா?
உள்ளே ஓங்கின கை
ஸ்பானர் தேடப் போகும்.
"அடி நின்னுருமா?"
"அன்னிக்கு ராத்திரி நிக்கும்."
"மறுநாளு?"
"மறுநாளும் சங்கிலி கழலும்."
ஒரு வீட்டுக்கு மட்டும் தாமதமாகப் போனோம் என்றான்.
தவமணி அதை மொழிபெயர்க்கவில்லை.

முன்னூற்றொன்றாவது தாள் மெஷினில் சிக்கி
மடிப்பு விழுந்து வந்தது.
எடுத்து வைத்தேன்.
ராத்திரி அதையும் பேனாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து
நான்காவது கட்டத்தில் டிக் அடித்தேன்.
ரெண்டு வருஷமாக அதுதான் பதில்.
மேலே பாத்திரம் விழுந்தது.
அப்புறம், பாத்திரம் அல்லாத ஒன்று.
ரிமோட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

என்னிடம் சைக்கிள் இல்லை.

பதினொன்றரை மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன்.
இறக்கினேன். தூக்கினேன். மறுபடி இறக்கினேன்.
தெருநாய்கள் சேர்ந்துகொண்டன.
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
படியில் வந்து நின்றான் அவன்.
"என்னண்ணே இந்நேரத்துல?"
"அவசரமா ஒரு காப்பிப்பா. சிக்குது, கொஞ்சம் பிடி."
என் முழங்கால் நடுங்கியது அவனுக்குத் தெரிந்திருக்கும்.
பிடித்தான்.
சிக்காத ஷட்டரை
அரை மணி நேரம் இருவரும் சரிபார்த்தோம்.
அவன் விரல் கணுக்கள் சிவந்திருந்தன.
நல்ல வேலைக்காரன், ஸ்பிரிங்கைப் பற்றியெல்லாம் சொன்னான்.

காலையில் நாகஜோதி வந்தாள்.
ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம்,
"ரெண்டு ரெண்டு காப்பி."
இடது கையால் நீட்டினாள். வலது கை முந்தானைக்குள்.
எதற்கென்று கேட்கவில்லை.
மடிப்பு விழுந்த தாளை,
தவமணி நம்பர் அச்சடித்த பக்கம் தெரியும்படி
காப்பிகளுக்கு நடுவில் செருகினேன்.
டிக் அடித்திருந்தது ஞாபகம் வந்தபோது
அவள் வாங்கிக்கொண்டிருந்தாள்.
காசு வேண்டாமென்றேன். வைத்தாள்.

முதல் படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.
"அண்ணே,
ஷட்டருக்கு எண்ணெய் கிண்ணெய் போட்டுறாதீங்க."